எட்டுப்பத்து வண்டியில தபால்காரர்

காலு இடிச்சிருச்சுங்களா சார்? மன்னிச்சுக்கோங்க. தட்டக் கூடாதுன்னு நெனைச்சுத்தான் ஒக்காருவேன். வண்டி பல்லடம் தாண்டறதுக்குள்ள அதுவாத் தட்ட ஆரம்பிச்சுருது. டாக்டருகிட்டக் காட்டினேன். முட்டியில ஒரு சின்ன சுத்தியலால தட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாரு. அவருக்கு என்னங்க தெரியும்? இது அயர்லாந்துல இருந்து வந்த சீக்குங்க.

நீங்க தாராபுரம் போறீங்களா? நானும் அங்கதான். அப்பச் சரி, பேசிட்டே போலாம்.

என்ற பேரு நாச்சிமுத்து. நமக்குப் பின்னால எட்டுப்பத்துக்கு ஒரு பச்சை வண்டி வருமுங்க, அதுல டிரைவரு நான்தான். இருவத்திரண்டு வருசமா இதே ரோடு. இன்னிக்கு லீவு. லீவன்னிக்கு எதிரி வண்டியில எதுக்கு ஏறினேன்னு பாக்கறீங்க. தாராபுரத்துல ஒரு கடப்பாரை வாங்கோணும். போன வார லீவுக்கும் அதுக்குத்தான் போனேன், கடை பூட்டியிருந்துது. அதுக்கு மொத வாரம் போனப்ப... சரி, அது எதுக்கு. நல்ல கடப்பாரை லேசுல கெடைக்காதுங்க.

படிக்கட்டுகிட்ட நிக்கறானே கண்டக்டரு, நெட்டையா, காதுல பேனாவச் சொருகிட்டு... திரும்பிப் பாக்காதீங்க! பாத்தா அவனப் பத்திப் பேசறோம்னு நெனைச்சுக்குவான். அவன் பேரு கிட்டுசாமி. பதினோரு வருசம் என்ற வண்டியில கண்டக்டரா இருந்தவன். ரெண்டு மாசமா இந்தச் செவப்பு வண்டிக்கு வந்துட்டான். எனக்கு டிக்கெட் குடுத்தப்பப் பாத்தீங்களா? எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேட்டானா? கைய நீட்டினான், காச வாங்கினான், கிழிச்சுக் குடுத்தான், போயிட்டான். கல்லு மனசுங்க. இந்தப் பிடிவாதம் எங்க கொண்டு போயி விடப் போவுதோன்னு எங்கூட்டுக்காரி அப்பவே சொன்னா. இல்லீங்க, அவ சொன்னது என்னைப் பத்தி. ஆனா அவனுக்குத்தான் பொருந்துது.

பதினோரு வருசம் சார். அவன் சம்சாரம் கட்டிக் குடுக்கற இட்டிலியில எனக்கும் நாலு இருக்கும். அவனுக்குக் காரம் ஆகாது, எனக்காகத் தனியா மொளகாப் பொடி பொட்டணம் கட்டி வரும். இப்ப நான் ஓட்டல்ல திங்கறேன். புதுசா ஒரு கண்டக்டரப் போட்டிருக்காங்க எனக்கு. நல்ல பையன்தான். செல்போன நோண்டிட்டே விசில் குடுப்பான்.

என்ன சண்டைங்கறீங்களா? பணங்காசு இல்லீங்க. பொம்பளை விவகாரம் இல்ல. பாட்டு.

நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசுங்களா? இங்க பிரைவேட் பஸ்ஸுல சனம் வண்டியப் பாத்து ஏறாது, பாட்டப் பாத்துத்தான் ஏறும். மில்லுக்குப் போற புள்ளைக மொத வண்டிய உட்டுப்போட்டு, பத்து நிமிசம் வெயில்ல நின்னு, நல்ல பாட்டுப் போடற வண்டிக்கு வருவாளுக. எங்க வண்டியில பாட்டுக்கு ராசா கிட்டுதான். எந்த ஸ்டாப்பிங்குல என்ன பாட்டுன்னு மனப்பாடமா வெச்சிருப்பான். மில் கேட்டு வந்தா காதல் பாட்டு. சந்தைக்கு மூட்டை ஏறினா குத்துப் பாட்டு. ஆசுபத்திரி ஸ்டாப்பிங்குல சத்தத்தக் கொறச்சு மெல்லிசா ஒண்ணு. சனம் துண்டுச்சீட்டுல எழுதிக் குடுக்கும், அவன் ராத்திரியே தேடிப் புடிச்சு மக்யா நாளே ஏத்திட்டு வந்துருவான். நான் வண்டிய ஓட்டுவேன், அவன் சனத்தோட மனச ஓட்டுவான். அப்படி இருந்த வண்டிங்க.

ஆனி மாசம் காத்து ஆரம்பிச்சுதுங்க. அந்தா, சன்னல்ல பாருங்க, காத்தாலை. அதுல என்னமோ கோளாறுன்னு அயர்லாந்துல இருந்து ஒரு இஞ்சினியர அனுப்பிச்சிருந்தாங்க. டோனல்னு பேரு. அவனுக்குக் குடுத்த ஜீப்பு மக்கர் பண்ணிருச்சு, அதனால ஒரு மாசம் என்ற வண்டியிலதான் வருவான். எனக்குப் பக்கத்து சீட்டு. ஆளு அத்தனை ஒசரம், ஒக்காந்தா முட்டி தாடையத் தொடும். கிட்டு பிளஸ் டூ பாஸுங்க, இங்கிலீசு பேப்பர் படிப்பான். அவன் நடுவுல நின்னு மொழிபெயர்ப்பான், நாங்க மூணு பேரும் ஊருப்பட்ட கதை பேசுவோம்.

கடைசி நாளு டோனல் ஒரு பென்டிரைவ் குடுத்தான். பச்சை நூலுல கட்டியிருந்துது. அவன்ற மாமன் வாசிச்ச பிடிலாம். மாமன் ஊருல தபால்காரரு, அறுவத்திரண்டு வயசு. பேரு சொன்னான், வாயில நொழையல. நான் தபால்காரருன்னே சொல்லிக்கறது. சின்ன வயசுல இருந்து வாசிக்கறாராம், இப்பத்தான் மொத தடவையா தனியா ஒரு ஆல்பம் போட்டிருக்காராம். ஸ்டுடியோவுக்கு வர மாட்டேன்னு அடம் புடிச்சு, அவரு சமையக்கட்டுக்கே மைக்கத் தூக்கிட்டுப் போயி எடுத்தாங்களாம். பதினாலு பாட்டு.

இதுல என்ன விசயம்னா, அவரு ஊருல எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்கறாங்களாம். அவரு நம்ப மாட்டேங்கறாராம். தெரிஞ்சவன் பின்ன என்னத்தச் சொல்லுவான், தெனமும் நாந்தானே அவனுக்குத் தபால் குடுக்கறேன்னு கேக்கறாராம். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டுட்டுச் சொல்லோணுமாம். டோனல் என்ற கையப் புடிச்சுக் கேட்டான் சார். நான் சொல்றேன்னுட்டேன். கிட்டுவும், ‘நீ சொல்லுண்ணா, நான் இங்கிலீசுல எழுதி அனுப்பறேன்’னான். வாக்குக் குடுத்தாச்சுங்க. வாக்குத் தவற மாட்டான் நாச்சிமுத்து.

ஊட்டுல கேக்க வேண்டியதுதானேங்கறீங்களா? எதுல கேக்கறது? என்ற போனு பட்டன் போனு. பென்டிரைவ் சொருகற ஓட்டை எனக்குத் தெரிஞ்சு வண்டியிலதான் இருக்குது. வண்டியில போட்டா அறுவது பேரும் கேக்க வேண்டியதுதான். அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?

மொத நாளு சாமி பாட்டு முடிஞ்சதும் சொருகினேன். சாமி பாட்டு கம்பெனி ரூலுங்க, பத்து நிமிசம் ஓடியே ஆகோணும். அப்புறம் தபால்காரரு. மொதல்ல ஒண்ணுமே இல்ல. ஒரு நாற்காலி கிரீச்சுங்குது. ஒரு ஆளு தொண்டையச் செருமறாரு. அப்புறம் காலு. டொக்கு டொக்குனு பலகையில. அதுக்கு மேல பிடில் ஏறுது.

பத்து நிமிசம் கழிச்சு தக்காளிக் கூடை வெச்சிருந்த ஒரு அம்மா கேக்குது, ‘டிரைவரு தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?’ பின்னாடி ஒரு பெரியவரு, ரேடியோ சிக்கிருச்சு, சொன்னதையே சொல்லுதுங்கறாரு. மில்லுப் புள்ளைக மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கறாளுக. கிட்டு முன்னாடி வந்து காதுல சொன்னான், ‘அண்ணா, கழட்டிப்போடு. சனம் மொறைக்குது.’ ஒரு தடவை முழுசாக் கேட்டர்றேன்டான்னேன்.

முழுசாக் கேக்க முடியலீங்களே! அதுதான் கஷ்டம். பல்லடத்துல இருந்து தாராபுரம் ஒரு மணி பத்து நிமிசம். சாமி பாட்டு போக மிச்சத்துல பன்னெண்டாவது பாட்டு முடிய ஸ்டாண்டு வந்துரும். ஸ்டாண்டுல பாட்டுப் போடக் கூடாதுன்னு போர்டு இருக்குது. இஞ்சின ஆப் பண்ணிட்டு மறுபடி போட்டா, அந்தப் பெட்டி ஒண்ணாவதுல இருந்துதான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒண்ணுல இருந்து பன்னெண்டு. பதிமூணும் பதினாலும் இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்லீங்க.

பட்டனை அமுக்கித் தாண்டிப் போலாமேன்னு கிட்டுவும் சொன்னான். தபால்காரரு வரிசையா வெச்சிருக்காரு சார். பல்லடத்துல ஏறினவன் குண்டடத்தப் பாக்காம தாராபுரம் போக முடியுமுங்களா? மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்னுதான் வாக்கு. சரி, இன்னொரு நாளு போடுவோம், இன்னொரு நாளு போடுவோம்னு மூணு வாரம் ஓடிப்போச்சு.

மில் கேட்டு வந்துருச்சு. பாருங்க, ஏற வேண்டியவிய எல்லாம் ஏறியாச்சு. விசில் குடுக்கறானா பாருங்க. எங்கயோ பாத்துட்டு நிக்கறான். எங்கூட இருந்தப்ப கடைசி ஆளு கால வெச்சதும் ரெண்டு விசில் வந்துரும். இந்த வண்டிக்கு வந்து கெட்டுப்போயிட்டான்.

ஆ, குடுத்துட்டான்.

அந்தப் பாட்டு எப்படின்னு கேட்டீங்கன்னா... நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். கூட மேளமில்ல, தபேலா இல்ல, ஒத்தை ஆளு. எனக்கு அதுதான் மொதல்ல புடிச்சுது. வண்டியில அறுவது பேரு இருந்தாலும் ஸ்டேரிங்கப் புடிச்சவன் தனியாளுதானுங்களே. அவரு எதையும் ரெண்டு தடவை சொல்லுவாரு. மொத அடி ரெண்டு தடவை, அடுத்த அடி ரெண்டு தடவை, அப்புறம் திரும்ப மொதல்ல இருந்து. ஆனா ரெண்டாந்தடவை மொதத் தடவையாட்டம் இருக்காது. எங்கயோ ஒரு எடத்துல விரல லேசா ஒரு உருட்டு உருட்டிருவாரு. பெரியவரு சொன்னாரே, சொன்னதையே சொல்லுதுன்னு, அவரு மாசத்துக்கு ஒருக்கா பஸ் ஏறறவரு. தெனமும் இதே ரோட்டுல போறவனுக்குத்தான் அது பிடிபடும். அதே புளியமரம், அதே வேகத்தடை. ஆனா நேத்துப் போன மாதிரி இன்னிக்குப் போறதில்லீங்க.

அப்புறம் ஒரு பாட்டுல இருந்து இன்னொரு பாட்டுக்கு நிறுத்தாமயே தாவுவாரு. காலு டொக்கு டொக்குனு அதுபாட்டுக்குத் தட்டிட்டிருக்கும், மேல பாட்டு மாறிரும். நான் அசந்துட்டேன் சார். கியர் மாத்தறதுன்னா அப்படி மாத்தோணும். தூங்கறவன் தலை ஆடக் கூடாது. கியர் மாத்தற சத்தத்த வெச்சே ஒருத்தன் நல்லவனா கெட்டவனான்னு சொல்லுவேன் நான். தபால்காரரு நல்ல மனுசன்.

ஏழாவதுல ஒரு நாய் இருக்குதுங்க. அவரு ஊட்டு நாயாட்ட இருக்குது, நடுவுல ஒரு தடவை கொலைக்கும். மொத நாளு குண்டடத்துக்குப் பக்கத்துல நல்ல வேகத்துல போறேன், ‘வள்’ளுன்னுது. போட்டேன் பாருங்க பிரேக்கு! தக்காளிக் கூடை கவுந்து, வண்டி பூரா தக்காளி. மக்யா நாளும் கொலைச்சுது, மறுபடி பிரேக்கு. மூணாவது நாளு பாட்டுல இருக்கற நாய்தான்னு மனசுக்குத் தெரியுது, காலுக்குத் தெரிய மாட்டேங்குது. அதுக்கப்புறம் ஏழாவது பாட்டு வந்தா சனமே கம்பியப் புடிச்சுக்கும். ‘நாய் வருது, நாய் வருது’ன்னு கிட்டு பின்னாடி இருந்து சத்தம் போடுவான். அது ஒரு ஜாலியாத்தான் இருந்துது. தக்காளி அம்மா மட்டும் வண்டி மாறிருச்சு.

டைமிங்தான் பிரச்சனை ஆயிப்போச்சு. உங்களுக்குத் தெரியுமுங்களா, இந்தச் செவப்பு வண்டி எட்டு மணிக்குப் பல்லடத்துல எடுக்கும், எங்களுது எட்டுப்பத்து. அந்தப் பத்து நிமிசத்துல வந்து சேர்ற சனம் எங்களுக்கு. அதுல ஒருத்தனுக்கொருத்தன் கைய வெக்கக் கூடாது. நான் வேகமா ஓட்டற ஆளே இல்லீங்க. பாட்டு எந்த வேகத்துல போகுதோ அதுக்குப் பின்னாலயே போனேன். அஞ்சாவதும் ஆறாவதும் கொஞ்சம் வெரசாப் போகும். அதுல இந்தச் செவப்பு வண்டியத் தாண்டி முன்னால வந்துட்டேன். ஒம்பதாவது மெதுவா இழுக்கற பாட்டு. அதுல திரும்ப அவன் என்னைத் தாண்டிப் போயிட்டான். கணக்குச் சரியாப் போச்சுங்களா இல்லீங்களா?

ஒம்பதாவதுல பின்னால பதினேழு வண்டி நின்னுதாம். மாட்டு வண்டிக்காரன் என்னைத் தாண்டிட்டுப் போனான்னு கிட்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கறான். பச்சைப் பொய். அது டிராக்டரு. நான் அழுதேன்னும் சொல்லியிருக்கறான். ஆடிக் காத்துல கண்ணுல தூசி விழுவாதுங்களா? அந்த ஒம்பதாவதுல ஒரு எடம் வருமுங்க சார்... இருங்க, அதை வரிசையா வந்து சொல்றேன். இப்பச் சொன்னா ருசிக்காது.

அன்னிக்கு ஒரு வெள்ளிக்கிழமை. அஞ்சாவதுல இந்த வண்டியத் தாண்டினவன், ஒம்பதாவதுலயும் அவன முன்னால உடல. ஏழு நிமிசம் முன்னாடி தாராபுரம் ஸ்டாண்டுல நிக்கறேன். இந்த வண்டிக்காரனுக பின்னாலயே வந்து எறங்கிட்டானுக, நாலு பேரு. டைமிங் சண்டைன்னா எப்பவும் கண்டக்டரத்தான் மொதல்ல புடிப்பானுக. அவன் கையிலதானே விசிலு, அவன் கையிலதானே நேரம் எழுதற ஷீட்டு. கிட்டு பாவம், ‘அண்ணன் வருவாரு, அண்ணன் சொல்லுவாரு’ன்னு சமாளிச்சுட்டிருந்தானாம்.

நான் சீட்டுலதான் இருந்தேன் சார். இஞ்சின ஆப் பண்ணல. பன்னெண்டாவது ஓடிட்டிருந்துது. போர்டு கெடக்குது, இன்னிக்கு ஒக்காந்தே பதிமூணையும் கேட்டர்லாம்னு ஒரு நப்பாசை. கண்ணாடியில பாத்தேன், என்னமோ சத்தம் போட்டுட்டிருக்கறாங்கன்னு தெரிஞ்சுது. பாட்டு முடியறதுக்கு இன்னும் ஒரே நிமிசந்தான் இருந்துது. பாதியில எறங்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் சமையக்கட்டுல ஒக்காந்து உசுரக் குடுத்து வாசிக்கறாரு, நடுவுல எந்திரிச்சுப் போறது மரியாதைங்களா?

ஒரு நிமிசத்துல கிட்டுவோட சட்டைப் பாக்கெட்டு கிழிஞ்சு தொங்கிருச்சு.

நான் எறங்கிப் போனேன். போகாம இல்ல. பாட்டு முடிஞ்சதும் நேராப் போனேன். அதுக்குள்ள எல்லாரும் கலைஞ்சுட்டானுக. அவன் கீழ குனிஞ்சு சில்லறையப் பொறுக்கிட்டிருந்தான். நானும் குனிஞ்சேன். அவன் என்னை நிமுந்து பாக்கல. நான் சும்மா இருந்திருக்கலாம். மனசுல இருந்தது வாயில வந்துருச்சு. ‘பன்னெண்டாவது கடைசியில எப்படி முடிக்கறாரு பாத்தியாடா’ன்னு கேட்டேன்.

அதுதான் சார் நான் அவன்கிட்டக் கடைசியாப் பேசின வார்த்தை. அன்னிக்கு மத்தியானமே கணக்கு முடிச்சுட்டான். அடுத்த வாரம் இந்த வண்டியில நிக்கறான், அவன் பாக்கெட்டக் கிழிச்சவனுக வண்டியில! எங்கூட இருக்கறதுக்கு அவனுக தேவலைன்னு முடிவு பண்ணியிருக்கறான் பாருங்க. வண்டியில பென்டிரைவும் இல்ல. கம்பெனி மேனேஜரு புடுங்கி வீசியிருப்பாருன்னு நெனைக்கறேன். கேட்டா நான் தொடவே இல்லைங்கறாரு.

இப்ப என்ற நெலைமையப் பாருங்க. அங்க ஒரு மனுசன் சைக்கிள்ல தபால் குடுத்துட்டு, தனக்கு ஒரு தபால் வராதான்னு பாத்துட்டிருப்பாரு. எழுதறவன் போயிட்டான். கேட்டு முடிக்கப் பாட்டும் இல்ல. டோனல் ரெண்டு தடவை போன் பண்ணினான். ‘குட், குட்’டுன்னேன். அவனும் ‘குட், குட்’டுன்னுட்டு வெச்சுட்டான். பொய் சொன்ன மாதிரி இருந்துது. எனக்கு மனசே ஆறல சார். தபால்காரருக்குப் பதில் போகோணும், கிட்டு என்ற வண்டிக்கு வரோணும். இவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டான்னா நான் அப்பவே மன்னிச்சுருவேன். நான் அதுக்குத் தயாராத்தான் வாராவாரம்... கடப்பாரை வாங்க வந்துட்டிருக்கறேன்.

குண்டடமுங்க. சித்த நேரம் நிப்பான்.

என்ன சார், இவ்வளவு நேரம் நிக்குது? எங்க பச்சை வண்டி பின்னால வந்துருச்சே. கண்ணாடியில தெரியுது பாருங்க. எங்களுக்கு வர வேண்டிய சனமெல்லாம் இதுல ஏறுது. டேய், விசிலக் குடுடா! தெரிஞ்சே எங்க நேரத்துல கைய வெக்கறான். அந்தா, படிக்கட்டுல நின்னுட்டு என்னமோ முணுமுணுக்கறான். கால வேற தட்டறான். ஆளு ஏறி எத்தனை நேரமாச்சு, வாய்க்குள்ள எதையோ முடிச்சுட்டுத்தான் விசில்...

சார்.

சத்தம் போடாதீங்க. நாந்தான் சத்தம் போடறனா? சரி. கேளுங்க. அவன் முணுமுணுக்கறது காதுல விழுதுங்களா? ரெண்டு தடவை. அடுத்த அடி... அதுவும் ரெண்டு தடவை. தபால்காரரு! சத்தியமாத் தபால்காரருதான். என்னமா வெறுத்தான் அந்தப் பாட்ட, இப்ப விசிலக் கூட மறந்துட்டு...

இருங்க. இது ஒண்ணாவது இல்ல. மூணாவது இல்ல. அஞ்சாவதுமில்ல. எனக்குப் பன்னெண்டும் தூக்கத்துல எழுப்பினாலும் தெரியும். இது எதுலயும் சேராது. ஆனா அந்த உருட்டு அவருதுதான், அது வேற யாருக்கும் வராது. சார், இது நான் கேக்காத பாட்டு.

பென்டிரைவ மேனேஜரு எடுக்கல.

இங்க வரான். டிக்கெட் கேக்க வரான். அந்தப் பாக்கெட்டப் பாருங்க, வேற கலரு நூலுல தெச்சிருக்குது. ஓரத்துல என்ன தொங்குது? பச்சை நூலு. பாத்தீங்களா, பச்சை நூலு! டேய் கிட்டு. டேய், நில்றா. அது பதிமூணா பதினாலாடா?

...

பதினாலாம் சார்! பேசிட்டான்! எப்படி இருக்குதுடா? கடைசியில எப்படி முடிக்கறாரு? சொல்லிட்டுப் போடா!

...

என்ன சொன்னான், கேட்டீங்களா? ‘அன்னிக்கு எறங்கி வராதவனுக்கு இன்னிக்கு எதுக்குச் சொல்லோணும்’னு கேட்டுட்டுப் போறான். 

எறங்கி வராதவன். நான்.

அவனுக்குப் பாட்டு மேல கோவமில்லீங்களா அப்ப? ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி முழுசாக் கேட்டிருக்கறான். நான் கேக்காததையும் கேட்டிருக்கறான். அப்ப ரெண்டு மாசமா எது மேல கோவம்? அந்த ஒரு நிமிசத்து மேலயா? நான் வந்தேனே சார். முடிஞ்சதும் வந்தேனே. 

முடிஞ்சதுக்கப்புறந்தான் வந்தேன்.

இல்ல, பரவாயில்லீங்க, தண்ணி வேண்டாம். காத்து. சன்னலச் சாத்துங்க. ஆடியே முடிஞ்சு போச்சுன்னு எனக்கும் தெரியும் சார், காத்து போகல.

தாராபுரம் வந்துருச்சு. நீங்க அவசரப்படாதீங்க, கூட்டம் எறங்கட்டும். ஒம்பதாவதுல ஒரு எடம் சொல்றேன்னேனில்லீங்க, அதைச் சொல்லி முடிச்சர்றேன். உங்களுக்கு இங்கிலீசு தெரியுமுங்களா? தெரிஞ்சா இதையாவது எழுதிக் குடுங்க. மத்ததெல்லாம் வேகம், சந்தோசம், நாய். ஒம்பதாவதுல மட்டும் அவரு கால நிறுத்திருவாருங்க. டொக்கு டொக்கு இல்ல. ராத்திரி சமையக்கட்டு மாதிரி அமைதி. வில்ல இழுக்கறாரு, இழுக்கறாரு, அவரு மூச்சு விடறது கூடக் கேக்குது. குடுக்க முடியாமப் போன ஒரு தபால் அவரு பையிலயே கெடக்குது போலன்னு நான் நெனைச்சுக்குவேன். அப்படி மேல போயி, மேல போயி, ஒரு எடத்துல சட்டுனு...

என்ன சத்தம் அங்க?

எங்க வண்டி வந்து நின்னுருச்சு. அது எங்க கம்பெனி டைம்கீப்பரு. நம்ம நேரத்துல ஆளு ஏத்திட்டு வந்துட்டான்னு கிட்டுவ மறிக்கறானுக. எங்க ஆளுகதான் சார், நாலு பேரு. இவன் பாருங்க, தனியா நின்னுட்டு ஷீட்ட நெஞ்சோட புடிச்சுட்டிருக்கறான். இந்த வண்டி டிரைவரு எங்க? டீக் கடைக்குப் போயிட்டான். எவனும் எறங்கி வர மாட்டானுக சார். டிரைவருன்னாலே இப்படித்தான்.

நகருங்க. கால எடுங்க சார். ஒம்பதாவதா? அதைப் பாதியில உட்டுட்டுப் போறேன், கோவிச்சுக்காதீங்க. தபால்காரரு கோவிச்சுக்க மாட்டாரு. டேய்! யாருடா அது கைய நீட்டறது? நான் நாச்சிமுத்துடா, நம்ம கம்பெனிதான்டா, இருந்தா என்ன? அவன் சட்டையிலிருந்து கைய எடுறா! அந்தப் பாக்கெட்ட விடுறா! டேய், அதுக்குள்ள பதினாலு பாட்டு இருக்குதுடா!